அன்னக்கொடி பெயர் வந்தால் மட்டும் வேண்டாம்

குரங்கணி,
8.2.1981

என் தங்கச்சி பொன்னுமணிக்கு,

நலமா என்று கேட்டால் நலம் என்றுதான் எழுதுவாய். அதனால் கேட்கவில்லை. நான் நலமில்லை. எனக்குக் காய்ச்சல் தலைவலி ஒன்றும் கிடையாது, என் ஏலத்தோட்டம்தான் படுத்துவிட்டது.

மேட்டுப் பக்கத்துச் செடியெல்லாம் மஞ்சளாகிக்கொண்டு வருகிறது. தீபாவளிக்கு வந்தபோது, "என்னக்கா, இப்படிப் பச்சைப் பசேல்னு நிக்குது!" என்று கண் வைத்தாயே, அதே செடிகள்தான். முதலில் ஒன்றிரண்டு தூர்தான் வெளுத்தது. பொங்கல் கழிந்து பார்த்தால் பாதித் தோட்டம் மஞ்சள். ஒரு விவசாய ஆபீசரை வரச் சொன்னேன். ஜீப்பை விட்டு இறங்கி, பாதையில் நின்றபடியே பார்த்தார். "இது கட்டே நோய்ம்மா. மருந்து கிடையாது. சித்திரை மழைக்குள்ள எல்லாத்தையும் பிடுங்கித் தீ வச்சிருங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஆறு வருசம் வளர்த்த செடி பொன்னு. காயைக் கண்ணால் பார்க்கவே மூன்று வருசம் காத்திருந்தோம். இப்போது பிடுங்கினால் மறுபடி முதலிலிருந்து. அதுவரைக்கும் என்னத்தைத் தின்பது? பிள்ளை ராமுத்தாயி படிப்பு என்னாவது? உன் மச்சானோ போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் எஸ்டேட்டில் மேஸ்திரி. மாசத்துக்கு ஒருதரம் இறங்கி வருகிற மனுசன். "நீயே பாத்து முடிவு பண்ணு" என்று சொல்லிவிட்டு அடுத்த ஜீப்பில் ஏறிவிட்டார்.

விவசாய ஆராய்ச்சி லைப்ரரியில் வேலை என்று பீற்றிக்கொள்வாயே, இப்போது காட்டு பார்ப்போம். என் செடியைக் காப்பாற்ற எவனாவது எங்கேயாவது ஒரு வழி எழுதியிருக்கிறானா என்று தேடு.

ஒன்றே ஒன்று. என் நாத்தனார் அன்னக்கொடி பெயர் வருகிற எதுவும் எனக்கு வேண்டாம். போன வருசம் ஒரு மலையாளத்து ஆராய்ச்சிப் பையன் ஓடைக்கு அக்கரையில் அவள் தோட்டத்தில் வந்து தங்கிக் குழி தோண்டிக்கொண்டிருந்தான். அன்றிலிருந்து அவள் நடையே மாறிப்போச்சு. அவன் அவளைப் பற்றி ஏதாவது எழுதி வைத்திருந்தால் அதை அங்கேயே போட்டுவிடு. ஜீப்பு டிரைவர் ஜக்கையனிடம்கூடச் சொல்லிவைத்திருக்கிறேன்: "அங்கிட்டு இருந்து எந்தச் சேதியும் எங்கிட்டக் கொண்டாராதே."

வெரசா பதில் போடு.

உன் அக்கா
வேலுத்தாய்

பி.கு.: உனக்கு எந்த மாதிரி மாப்பிள்ளைதான் வேண்டும் என்று அப்பா மறுபடியும் கேட்கிறார். எனக்கும் தெரிய வேண்டும்.


சென்னை,
14.2.1981

அருமை அக்கா,

உன் கடிதத்தைப் படித்ததும் மத்தியானச் சாப்பாடு இறங்கவில்லை. டிபன் பாக்ஸை மூடிவிட்டு அப்போதே தேட உட்கார்ந்துவிட்டேன்.

இங்கே நாங்கள் எப்படித் தேடுகிறோம் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் "இத்தனை நாளா என்ன செஞ்ச?" என்று திட்டுவாய். ஒவ்வொரு ஆராய்ச்சிக்கும் ஒரு கார்டு. அது எதைப் பற்றியது என்று நாலைந்து வரி அதில் இருக்கும். கார்டின் ஓரம் முழுக்கத் துளைகள். ஒரு துளை ஏலம், ஒரு துளை காப்பி, ஒரு துளை நோய், ஒரு துளை இலை, ஒரு துளை வேர், ஒரு துளை கேரளா என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் அர்த்தம் உண்டு. ஒரு கட்டுரை ஏலத்தைப் பற்றியது என்றால் அந்தக் கார்டில் ஏலத் துளையை ஓரம் வரைக்கும் வெட்டிவிடுவோம். பிறகு கார்டுக் கட்டை அடுக்கி, ஏலத் துளையில் நீளமான ஊசியைச் செருகித் தூக்கி உலுக்கினால், வெட்டின கார்டெல்லாம் கீழே விழும். மற்றது ஊசியிலேயே தொங்கும். விழுந்ததை அடுக்கி வேறு துளையில் ஊசியைச் செருகினால் இன்னும் குறையும். அவ்வளவுதான் வித்தை.

ஏலம் என்று ஊசியைப் போட்டேன். மேசை கொள்ளாமல் விழுந்தது. வாசனை போகாமல் ஏலக்காயை மூட்டை கட்டுவது எப்படி, அரபு நாட்டில் காப்பியில் எத்தனை காய் தட்டிப் போடுகிறார்கள், எல்லாம் இருக்கிறது. அதில் நோய் என்று இன்னொரு ஊசி போட்டேன். அப்போதும் ஒரு மடி நிறைய. இத்தனையையும் தமிழில் எழுதி அனுப்பினால் தபால்காரர் கழுதை மேல் ஏற்றித்தான் குரங்கணிக்குக் கொண்டுவர வேண்டும்.

அதனால் விவரம் சொல்லு. எந்தப் பாகம், எப்போதிருந்து, எப்படி மஞ்சள்? நீ எவ்வளவு சொல்கிறாயோ அவ்வளவு ஊசி போடலாம்.

அன்னக்கொடி மதினி மேல் இன்னுமா கோபம்? சரி, சரி, கேட்கவில்லை.

பொன்னுமணி

பி.கு.: மாப்பிள்ளைக்கு மெட்ராசில் வேலை இருக்க வேண்டும். என்னை வேலையை விடச் சொல்லக் கூடாது. காப்பி போடத் தெரிய வேண்டும். ராத்திரி நான் புத்தகம் படித்தால் விளக்கை அணை என்று முணுமுணுக்கக் கூடாது. மீசை கூடவே கூடாது. அப்பாவிடம் அப்படியே வாசித்துக் காட்டு.


குரங்கணி,
22.2.1981

அடியே பொன்னு,

அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். "மீசை இல்லாதவனுக்கு நான் எங்க போறது?" என்று கேட்டுவிட்டு வெற்றிலைச் செல்லத்தைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

உன் ஊசிக் கதை எனக்கு விளங்கவே கொஞ்ச நேரம் ஆனது. இங்கே காயைச் சலித்தால் கீழே விழுவது பொடிக்காய், மேலே நிற்பதுதான் முதல் தரம். உன் ஆபீசில் விழுவதுதான் உசத்தியா? என்ன ஊரடி அது.

விவரம் கேட்டாயே, எழுதிக்கொள். நோய், கட்டே. ஆபீசரே சொல்லியிருக்கிறார். பாகம், இலை. இலைதான் மஞ்சளாகிறது. ஊர், குரங்கணி. கேரளாக்காரர்கள் எழுதினது வேண்டாம், அங்கே மழை வேறு, மண் வேறு. பழசும் வேண்டாம், போன வருசம் இந்த வருசம் எழுதினதாக இருக்கட்டும். தமிழில் இருந்தால் நல்லது, நானே படித்துக்கொள்வேன். அன்னக்கொடி கூடாது என்பதை ஏற்கெனவே சொல்லிவிட்டேன்.

கோபமா என்று கேட்டுவிட்டு, கேட்கவில்லை என்றும் எழுதுகிறாய். ஆமாம், கோபம்தான். ராமுத்தாயி சடங்குக்கு அத்தைக்காரி வந்துதானே முதல் தண்ணீர் ஊற்ற வேண்டும்? போன வருசத்துக்கு முந்தின ஐப்பசி, கொட்டுகிற மழை, காய் பழுத்துக் கிடக்கிறது, எடுக்க ஆள் இல்லை. இந்தச் சோலிக்கு நடுவில் ஜக்கையன் ஜீப்பு அக்கரைக்குப் போகிறதே என்று பத்திரிகையை அவன் கையில் கொடுத்துவிட்டேன். அது ஒரு குற்றமா? "ஜீப்பு வந்த பாதையில அவ வர முடியாதா? எந்தம்பி மகளுக்குச் சடங்கு, டிரைவர் வந்து அழைக்கிறானா?" என்று அவள் வரவே இல்லை. பிள்ளை மனையில் உட்கார்ந்து வழியையே பார்த்துக்கொண்டிருந்தது. கடைசியில் எதிர்வீட்டு இருளம்மாள் ஊற்றினாள். என் பிள்ளை முகம் அன்றைக்குச் சுருங்கினதை நான் மறக்க மாட்டேன்.

போதும். ஊசியைப் போடு.

வேலுத்தாய்


சென்னை,
2.3.1981

அக்கா,

போட்டேன். நீ சொன்ன அத்தனை ஊசியையும் போட்டேன். ஒன்றுகூட விழவில்லை. கார்டுக் கட்டைத் தலைக்கு மேலே தூக்கிக் குலுக்குகிறேன், பக்கத்து மேசைக்காரர் "என்னம்மா, மாங்காய் உலுக்குற?" என்று சிரிக்கிறார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்புறம் டீ குடித்துவிட்டு யோசித்தேன். எல்லா ஊசியும் ஒரே மாதிரி கிடையாது. நீ கண்ணால் பார்த்தது சில, காதால் கேட்டது சில, ரோசத்தில் சொன்னது சில. கண்ணால் பார்த்ததை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை ஒவ்வொன்றாக உருவினேன்.

தமிழ் வேண்டும் என்ற ஊசியை முதலில் எடுத்தேன். இங்கிலீசில் இருந்தால் நான் எதற்கு இருக்கிறேன்? குரங்கணியை எடுத்தேன். நம் ஊருக்கு என்று ஒரு துளை வெட்ட எங்கள் ஆபீசில் யாருக்குத் தோன்றியிருக்கும்? கேரளா வேண்டாம் என்பதை எடுத்தேன். போடிமெட்டு செக்போஸ்டில் ஜீப்பைத்தான் நிறுத்துவார்கள், பூச்சியையும் நோயையுமா நிறுத்துவார்கள்? வருசத்தைத் தளர்த்தினேன். கட்டே என்பது ஆபீசர் பாதையில் நின்று சொன்னது, நீ பார்த்ததில்லை, அதையும் எடுத்தேன். கடைசியாக இலை. அக்கா, மஞ்சள் தெரிவது இலையில்தான். ஆனால் நோவும் அங்கேதான் இருக்கிறது என்று யார் சொன்னது? அதையும் உருவினேன்.

ஏலம், மஞ்சள். இந்த இரண்டு மட்டும்தான் மிச்சம். தூக்கினேன். பொலபொலவென்று ஒரு கைப்பிடி விழுந்தது. எனக்கு எழுந்து ஆடலாம் போல இருந்தது.

படித்ததில் ஒன்று தெளிவாகத் தெரிகிறது. கட்டே என்றால் குருத்திலையில் வெளிர்கோடு கோடாகத் தெரியுமாம். கோடே இல்லாமல் செடி மொத்தமாக மஞ்சளானால் வேரைத் தோண்டிப் பார்க்கச் சொல்கிறார்கள். வேரைப் புழு தின்றாலும் செடி அப்படித்தான் மஞ்சளாகுமாம். உடனே போய்ப் பார். ஒரு செடியையாவது தோண்டு.

இன்னொன்று. விழுந்ததில் ஒரு கார்டில் திருமதி அன்னக்கொடி, குரங்கணி என்று இருக்கிறது. நீ சொன்னபடி அதைத் தனியாக எடுத்து மேசை டிராயரில் வைத்துவிட்டேன்.

பொன்னுமணி


குரங்கணி,
9.3.1981

பொன்னு, பொன்னு,

கோடு இல்லை! ஒரு குருத்தில்கூடக் கோடு இல்லை! தோட்டம் முழுக்க நடந்து ஒவ்வொரு தூராக விரித்துப் பார்த்துவிட்டேன். பிறகு கடப்பாரையை எடுத்து ஒரு செடியைத் தோண்டினேன். ஐயோ, வெள்ளை வெள்ளையாகச் சுருண்டுகொண்டு கிடக்கிறது புழு. வேரைக் கொறித்துக் கொறித்துச் செடியில் பிடிமானமே இல்லை, கையோடு வந்துவிட்டது. ராமுத்தாயி அலறின அலறலில் குரங்கெல்லாம் மரம் விட்டு மரம் ஓடியது.

பிடுங்கித் தீ வைக்கப் பார்த்தேனே பாவி. நோயே வேறு. உன் வாய்க்குச் சர்க்கரை போட வேண்டும்.

இப்போது என்ன செய்வது? என்ன போடுவது, எப்போது போடுவது? மற்ற கார்டுகளில் என்ன இருக்கிறது என்று எழுது. சித்திரை பிறந்ததும் செடி பிடுங்க ஆள் சொல்லியாயிற்று, அதற்குள் தெரிய வேண்டும். புழுவைப் பார்த்ததாக மட்டும் சொன்னால் ஊரில் நம்ப மாட்டார்கள். ஆபீசர் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு பேசுகிறாள் என்பார்கள்.

அந்தத் தனியாக வைத்த கார்டில் என்ன எழுதியிருக்கிறது? தெரிந்துகொள்ள வேண்டும் என்று கேட்கவில்லை. சும்மாதான் கேட்கிறேன். அவள் பெயருக்கு முன்னால் திருமதி வேறு போட்டிருக்கிறானா? என்ன கொழுப்பு.

வேலுத்தாய்


சென்னை,
14.3.1981

அக்கா,

சும்மா கேட்டதற்குச் சும்மா பதில். டிராயரைத் திறந்து அந்தக் கார்டை எடுத்து அப்படியே தமிழில் எழுதுகிறேன்:

"மதுரை மாவட்டம் குரங்கணி மலைச்சரிவில், திருமதி அன்னக்கொடியின் தோட்டத்தில், வேர்ப்புழுவால் மஞ்சளாகியிருந்த ஏலச்செடிகள் பிடுங்கப்படாமலே ஒரே பருவத்தில் மீண்டன. வண்டு வெளிவரும் காலமறிந்து எடுத்த நடவடிக்கையே காரணம். பார்த்தும் செய்தும் உதவிய தோட்டக்காரருக்கு நன்றி."

அவ்வளவுதான். என்ன நடவடிக்கை, எந்தக் காலம் என்பதெல்லாம் முழுக் கட்டுரையில் இருக்கும், அது எங்களிடம் இல்லை. எழுதின பையன் இருந்த இடத்துக்கு டிரங்க் கால் போட்டேன். மேற்படிப்புக்கு வெளிநாடு போய்விட்டானாம், கட்டுரை தேடி அனுப்ப மாசக்கணக்கில் ஆகும் என்கிறார்கள். மற்ற கார்டுகளில் மருந்துப் பெயர் இருக்கிறது. தப்பான நேரத்தில் போட்டால் தண்டம் என்றும் இருக்கிறது. சரியான நேரம் எது என்று நம் மலைக்குச் சொல்ல ஆள் இல்லை.

ஆள் இருக்கிறாள். ஓடைக்கு அக்கரையில் இருக்கிறாள். அவள் தோட்டமும் இப்படி மஞ்சளாகி மீண்டிருக்கிறது அக்கா, உனக்குத் தெரியவே தெரியாதா? உன் வீட்டு வாசலில் நின்றால் தெரிகிற தோட்டம் அது!

நீ வேண்டாம் என்ற கார்டில்தான் நீ கேட்டது இருக்கிறது. நான் என்ன செய்யட்டும்?

பொன்னுமணி


குரங்கணி,
21.3.1981

தங்கச்சிக்கு,

எனக்கு எப்படித் தெரியும்? அந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பதுகூட இல்லை நான். வாசலில் நின்றாலும் ஓடை வரைக்கும்தான் பார்ப்பேன்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு ரெண்டு நாள் சோறு பிடிக்கவில்லை. ஆனாலும் செடி முக்கியம் என்று மனசைத் தேற்றிக்கொண்டு, "வேர்ப்புழுவுக்கு என்ன செய்தீர்கள், எப்போது செய்தீர்கள், எழுதி அனுப்பவும்" என்று ஒரு துண்டுத்தாளில் எழுதி ஜக்கையன் கையில் கொடுத்தேன். "பதிலோட வா" என்றும் சொன்னேன். மரியாதையாகத்தான் எழுதினேன், "தீர்கள்" எல்லாம் போட்டு.

அவன் திரும்பி வந்து, தலையைச் சொறிந்துகொண்டு நிற்கிறான். "என்னடா சொன்னாக?" என்றால், "கோவிச்சுக்காதீக அக்கா. 'வந்து கேக்கச் சொல்லு'ன்னு மட்டும் சொன்னாக" என்கிறான்.

பார்த்தாயா அவள் திமிரை? என் தோட்டம் சாகக் கிடக்கிறது, இவளுக்கு நான் போய் வாசலில் நிற்க வேண்டுமாம். மாட்டேன். செடி போனால் போகட்டும். கூலிக்குப் போய்ப் பிழைத்துக்கொள்கிறேன்.

இதை எழுதும்போது எனக்கு அழுகை வருகிறது என்பதை உன்னிடம் மட்டும் சொல்கிறேன். மேட்டுக்குப் போகவே மனசு வரவில்லை.

வேலுத்தாய்


தந்தி
சென்னை, 25.3.1981

போ அக்கா. ஜீப்பில் போகாதே. நடந்து போ. தட்டோடு போ.
பொன்னுமணி


குரங்கணி,
3.4.1981

அடி சண்டாளி,

தந்தி அடிப்பார்களா இதற்கு? தந்தி என்றதும் ஊரே என் வாசலில் கூடிவிட்டது. விசயம் தெரியுமுன்னே இருளம்மாள் மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரிக்கு வாயைத் திறந்துவிட்டாள். தபால்காரர் உரக்கப் படித்தார். "போ அக்கா" என்றதும், "எங்க போகணுமாம்?" என்று எல்லோரும் என் முகத்தைப் பார்க்கிறார்கள். அதற்குப் பிறகு போகாமல் இருக்க முடியுமா? மானம் போய்விடும் என்றுதான் போனேன். இல்லை பொன்னு, உன்னிடம் எதற்குப் பொய். போகச் சொல்ல ஒரு ஆள் கிடைத்ததே என்றுதான் போனேன்.

தட்டில் வெற்றிலை, பாக்கு, மஞ்சள், பூ, தேங்காய் எல்லாம் வைத்தேன். ராமுத்தாயியைக் கூட்டிக்கொண்டேன். ஓடையில் இறங்கி ஏறினேன். அன்னக்கொடி மதினி களத்தில் காப்பிக்கொட்டையைக் கிளறிக்கொண்டிருந்தாள். காலடிச் சத்தம் கேட்டும் திரும்பவில்லை.

"யாரு, ஜக்கையனா?" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. வாங்கிக்கொண்டேன். "நான்தான் மதினி" என்றேன்.

"வழி தெரிஞ்சுச்சாக்கும்?"

"தெரிஞ்சுச்சு மதினி. அன்னைக்கே வந்திருக்கணும். மழைன்னு பாத்தேன், சோலின்னு பாத்தேன். உங்களப் பாக்காமப் போயிட்டேன். தப்பு எம்மேலதான்" என்று தட்டை நீட்டினேன். அவ்வளவு நேரம் வழியெல்லாம் வேறு என்னென்னவோ பேச்சு யோசித்து வைத்திருந்தேன், ஒன்றும் வரவில்லை.

மதினி தட்டை வாங்கவில்லை. ராமுத்தாயியைத்தான் பார்த்தாள். "எங்காத்தா பேரு வச்ச புள்ள. இதுக்கு நான் ஒரு செம்புத் தண்ணி ஊத்தக் குடுத்து வைக்கலையே" என்று பிள்ளையைக் கட்டிக்கொண்டு அழுதாள் பாரு, நானும் அழுதேன், பிள்ளையும் அழுதது. தட்டுதான் பாவம், நடுவில் மாட்டிக்கொண்டு தேங்காய் உருண்டு போய்விட்டது.

அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டு மதினி கேட்டாள் பாரு ஒரு கேள்வி: "ஏ வேலுத்தாயி, உன் மேட்டுச் செடி வெளுக்குறத நான் மார்கழியிலயே இங்கிட்டு இருந்து பாத்துட்டேன். 'வேரைத் தோண்டிப் பாக்கச் சொல்லு'ன்னு மூணு வாட்டி சொல்லிவிட்டேன். ஏன் தோண்டல?"

"யாருகிட்டச் சொல்லிவிட்டீக?"

"ஜக்கையன்கிட்டதான்."

சாயங்காலம் ஜீப்பு வந்ததும் அவனைப் பிடித்து நிறுத்தினோம். "ஏண்டா சொல்லல?" என்றால், அந்தப் புண்ணியவான் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "நீங்கதான அக்கா, அங்கிட்டு இருந்து எந்தச் சேதியும் கொண்டாராதேன்னீக? நான் ஒரு வாக்குக் குடுத்தா மாற மாட்டேன்" என்கிறான். பொன்னு, எனக்கு அவனை அடிப்பதா, என்னை அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. ஆபீசர் வருவதற்கு முன்னமே மூன்று தரம் ஓடையைத் தாண்டி வந்த பதில், என் வாசல் வரைக்கும் வந்து திரும்பிப் போயிருக்கிறது.

நானும் விடவில்லை. "அது சரி மதினி, நான் பத்திரிகையை ஜக்கையன்கிட்டக் குடுத்துவிட்டா குத்தம். நீங்க மட்டும் சேதியை அவன்கிட்டச் சொல்லிவிடலாமா?" என்று கேட்டேன். மதினி சிரித்தாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். ஜக்கையன்தான் மிரண்டுபோய் ஜீப்பை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டான்.

இப்போது விசயத்துக்கு வருகிறேன். தூரைச் சுற்றி மண்ணைக் கிளறிப் புழுவைப் பொறுக்க வேண்டும். வேப்பம்புண்ணாக்கு போட்டு மண் அணைக்க வேண்டும். கோடை மழை ஒன்று விழுந்ததும் மண்ணுக்குள் இருக்கிற வண்டு பளபளவென்று மேலே வந்து இலையில் உட்காரும். அப்போது விட்டால் அத்தனையும் மறுபடி முட்டை போட்டு மறுபடி புழு. காலை வெயில் ஏறுமுன் வலையைப் போட்டு வாரிவிட வேண்டும். அந்த நேரம்தான் முக்கியம், அந்தப் பையனுக்கே மதினிதான் காட்டிக்கொடுத்தாளாம். பிடுங்க வரச் சொன்ன ஆட்களை நாளைக்கு மண் கிளற வரச் சொல்லியிருக்கிறேன். உன் பழைய கொசுவலையைக் கிழித்து வலை தைத்தாயிற்று. திட்டாதே.

வானத்தைப் பார்த்துக்கொண்டு இருக்கிறோம். இரண்டு பேரும் சேர்ந்துதான்.

அக்கா


குரங்கணி,
28.6.1981

பொன்னுமணிக்கு,

மழை நன்றாகப் பிடித்திருக்கிறது. கோடை மழைக்கு வண்டு வந்தபோது மதினி வீட்டு ஆளும் நம் வீட்டு ஆளும் சேர்ந்து வாரினோம். உன் மச்சான்கூட மேலேயிருந்து இறங்கி வந்து, மனைவியும் அக்காவும் ஒரே வலையைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தூசி என்று சொன்னார், மழையில் ஏது தூசி?

நேற்று மேட்டுக்குப் போனேன். தூருக்குத் தூர் புதுக்குருத்து வந்திருக்கிறது. பச்சை பொன்னு, உன் கண் படுகிற அதே பச்சை. கொஞ்சம் செடி போய்விட்டது, மற்றதெல்லாம் நின்றுவிட்டது. அப்படியே ஈர மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். ஆபீசரும் வந்தார். இந்தத் தடவை தோட்டத்துக்குள் இறங்கி நடந்தார். "உங்க தங்கச்சி லைப்ரரி விலாசம் குடுங்க" என்று எழுதி வாங்கிக்கொண்டார்.

இனிமேல் எந்தக் கார்டையும் எனக்காக டிராயரில் வைக்காதே. யார் பெயர் இருந்தாலும் அனுப்பு.

மதினி பக்கத்தில்தான் இருக்கிறாள். தானும் நாலு வரி எழுத வேண்டுமாம். கொடுக்கிறேன்.

அக்கா

பொன்னுமணிக்கு அன்னக்கொடி எழுதுவது. உன் மாப்பிள்ளைப் பட்டியலை அக்கா வாசித்துக் காட்டினாள். எங்கள் சித்தப்பா மகன் உக்கிரபாண்டி மெட்ராசில் டெலிபோன் ஆபீசில் இருக்கிறான். அவனும் ராத்திரியெல்லாம் படிக்கிற பயல்தான். காப்பி போடுவான். எங்கள் பக்கத்து ஆள் என்று உன் அக்கா இத்தனை நாள் அவன் பேச்சையே எடுக்கவில்லையாம். மீசை மட்டும் இருக்கிறது, கொஞ்சம் பெரிசாகவே இருக்கிறது. உனக்குச் சம்மதமா என்று ஒரு வரி எழுது.


சென்னை,
5.7.1981

அக்காவுக்கும் மதினிக்கும்,

குருத்து வந்த செய்தியைப் படித்துவிட்டு லைப்ரரி என்றும் பாராமல் கத்திவிட்டேன். பக்கத்து மேசைக்காரர் சுவரில் இருக்கும் "அமைதி" பலகையைக் காட்டினார். உங்கள் கடிதத்தை அவருக்கும் வாசித்துக் காட்டினேன். மீசை வரைக்கும் வாசித்து அப்புறம்தான் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அந்தக் கார்டு இப்போது டிராயரில் இல்லை. மற்ற கார்டுகளோடு சேர்த்துக் கட்டில் வைத்துவிட்டேன். யார் ஏலம் என்று ஊசி போட்டாலும் மதினி விழுவாள்.

மீசை விசயம். எல்லா ஊசியும் போட்டால் ஒன்றும் விழாது என்று உனக்குப் பக்கம் பக்கமாக எழுதினவள் நான்தான். அதனால் அந்த ஒரு ஊசியை உருவிவிட்டேன். மற்றது எதையும் உருவ மாட்டேன், விளக்கு முக்கியம்.

ஆனால் மதினி, கடிதத்தின் மூலையில் நாலு வரி எழுதியா பெண் கேட்பது? சம்மதமா இல்லையா என்று இதில் எழுத மாட்டேன். ஆவணியில் லீவு போட்டு வருகிறேன். நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து போடி பஸ் ஸ்டாண்டுக்கு வாருங்கள். ஜக்கையனை மட்டும் அனுப்பினால் அதே பஸ்சில் திரும்பிவிடுவேன்.

வந்து கேளுங்கள், சொல்கிறேன்.

பொன்னுமணி